சதர்லாந்து நட்சத்திரப் படப் பயணம்: அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

கேப் டவுன் தமிழர் வாட்ஸ்ஆப் குழுக்களில் அந்த விளம்பரம் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. "உங்களிடம் இருக்கும் சாதாரண கேமராவிலேயே பால்வெளியைப் படம் எடுக்கலாம். சதர்லாந்தில் இரண்டு இரவு, வானாய்வகம் உட்பட." தென்னாப்பிரிக்காவின் பெரிய வானாய்வகம் இருக்கும், கரூ என்ற வறண்ட பகுதியின் சிற்றூர்தான் சதர்லாந்து. போன குளிர்காலத்தில் நானும் மனைவியும் இதே ஆட்களிடம் தலைக்கு 4,200 ராண்ட் கட்டிப் போய் வந்தோம். புகார் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. படித்தால் யாரென்று உங்களுக்கே பிடிபடும்.

முதலில் ஒரு விஷயம்: சாதாரண கேமரா போதும் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ், ஆடாத ஒரு ட்ரைபாட், இரண்டு செகண்ட் டைமர். 18 மில்லிமீட்டரில் வைத்து, லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600 அல்லது 3200. ஜேபெக் வேண்டாம், ரா (RAW) ஃபைலாக எடுக்க வேண்டும். 500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால் எத்தனை செகண்ட் திறந்து வைக்கலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். சிறிய சென்சார் கேமரா என்றால் அந்த மில்லிமீட்டரை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18-க்கு சுமார் 18 செகண்ட் வரும், அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் ஒரு பெரிய நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் பாடம். இதைச் சொல்லித்தர எட்டாயிரத்துச் சொச்சம் ராண்ட் தேவையில்லை. இருட்டான இடத்துக்கும் இருட்டான நாளுக்கும்தான் நாங்கள் பணம் கட்டினோம்.

இரண்டுமே கிடைக்கவில்லை.

பதிவு செய்தது ஜூன் கடைசியில் அமாவாசையை ஒட்டிய வார இறுதிக்கு. கிளம்பும் வாரத்தில் ஒரு மெசேஜ்: விடுதியில் இடமில்லை, இரண்டு வாரம் தள்ளி வைக்கிறோம், அட்வான்ஸ் திருப்பித் தருவதில்லை. இரண்டு வாரம் தள்ளினால் என்ன வரும்? சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்து, "பௌர்ணமிங்க" என்றாள் மனைவி. ஃபோன் போட்டுக் கேட்டேன். நிலவொளியில் படம் இன்னும் அழகாக வரும், எங்களிடம் அதற்கு ஸ்பெஷல் ஃபில்டர் இருக்கிறது என்றார் ஃபோனை எடுத்த அம்மாள். எந்த ஃபில்டரும் முழு நிலாவை மறைக்காது. அதுவும் ஆனி மாதப் பௌர்ணமி! நிலா அப்போது கேட்டை, மூலம் பக்கம்தான் நிற்கும். மூலம் என்பது தேளின் வால், பால்வெளியின் மையம் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எதைப் படம் எடுக்கப் போகிறோமோ அதன் தலைமாட்டிலேயே விளக்கைக் கொண்டுபோய் வைத்த மாதிரி.

இடத்திலும் அதே கதை. வண்டி என்1 சாலையில் டவுஸ் ரிவர் தாண்டியதும் ஒரு பண்ணை விடுதிக்குத் திரும்பிவிட்டது. சதர்லாந்து அங்கிருந்து இன்னும் நூற்றைம்பது கிலோமீட்டர் இருக்கும். "வானம் எல்லா இடத்திலும் ஒன்றுதானே" என்றார் டிரைவர். முற்றத்தில் செக்யூரிட்டி ஃபிளட் லைட். அதை அணைக்க விடுதிக்காரர் சம்மதிக்கவில்லை, பண்ணைத் திருட்டு பயம். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

வானாய்வகம் பயணத்தில் இல்லவே இல்லை. விளம்பரத்தில் '11 மீட்டர் தொலைநோக்கியில் நேரில் பார்க்கலாம்' என்று போட்டிருந்ததைக் காட்டிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்கள். 91 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்த அந்த சால்ட் தொலைநோக்கி ஆராய்ச்சிக்கானது, அதில் கண் வைத்துப் பார்க்கும் துளையே கிடையாது. பகல் சுற்றில் வெளியிலிருந்து பார்க்கலாம். இரவுச் சுற்றில் பார்வையாளர்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிகளில்தான் காட்டுவார்கள். இரண்டுக்கும் வானாய்வகத்திடம் நேரடியாகவே முன்பதிவு செய்யலாம், நடுவில் ஆள் வேண்டாம்.

பயிற்சியாளர் என்று வந்த பையன் எல்லோரையும் 55 மில்லிமீட்டருக்கு ஜூம் பண்ணச் சொல்லி, ஐஎஸ்ஓ 12800, 30 செகண்ட் வைக்கச் சொன்னான். 55-க்கு ஆறு செகண்டே அதிகம். படம் பட்டப்பகல் போல வெளுத்து வந்தது, நட்சத்திரமெல்லாம் அரிசி அரிசியாக நீண்டிருந்தது. "அப்ப டிராக்கர் எடுத்துக்கோங்க" என்று, நட்சத்திரங்கள் நகரும் வேகத்திலேயே கேமராவைச் சுற்றும் அந்தக் கருவியை இரவுக்கு 600 ராண்ட் வாடகைக்குக் கொடுத்தான்.

இந்த டிராக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், புதிதாகத் தொடங்குபவர்களை இங்கேதான் சுலபமாக ஏமாற்றுகிறார்கள். டிராக்கரின் அச்சு வானத்தின் தென்துருவத்தைச் சரியாகப் பார்த்து நின்றால்தான் கேமரா நட்சத்திரங்களோடு சேர்ந்து சுற்றும். வடக்கே துருவ நட்சத்திரம் இருக்கிறது. தெற்கே இருப்பது சிக்மா ஆக்டான்டிஸ் என்ற மங்கலான ஒன்று, நல்ல இருட்டிலேயே கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருக்கும். பௌர்ணமியில் தேடவே வேண்டாம். பையன் ஃபோனில் காம்பஸைத் திறந்து, 'எஸ்' என்று காட்டிய திசைக்கு ட்ரைபாடைத் திருப்பிவிட்டுப் போய்விட்டான். கேப் பகுதியில் காந்த வடக்கு உண்மையான வடக்கிலிருந்து மேற்கே சுமார் 25 பாகை விலகி இருக்கிறது, தெற்கும் அந்த அளவுக்குக் கிழக்கே தள்ளிப்போகும். அதைத் திருத்தாமல் ஓட்டினால் டிராக்கர் தன் போக்கில் சுற்றும், வானம் தன் போக்கில் சுற்றும். இரண்டு நிமிடப் படம் ஒன்று வைத்திருக்கிறேன், எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள். இதைச் சொன்னபோது, என் லென்ஸ் மட்டமானது என்றான்.

ஊர் திரும்பிய பிறகு 'உங்கள் இரவின் நினைவாக' என்று எல்லோருக்கும் ஒரே படத்தை அனுப்பினார்கள். கரூ காற்றாலை ஒன்று, அதன் தலைக்கு மேல் சப்தரிஷி மண்டலம் ஏழும் முழுசாக. நம் கல்யாணங்களில் காட்டும் அருந்ததியும் அதன் ஜோடி வசிஷ்டரும் இந்த அட்சரேகையில் அடிவானத்திலிருந்து 2, 3 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. மண்டலத்தின் வடகோடி நட்சத்திரம் எழுவதே இல்லை. எந்த வடக்கு நாட்டு வானத்தையோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

நான் செய்தது: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதி மாற்றிய மெசேஜ், இரண்டு நிமிடப் படம், இந்தக் காற்றாலை, எல்லாவற்றையும் சேர்த்து எழுத்தில் அனுப்பினேன். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவைக் குறிப்பிட்டேன். சேவை தரமில்லை என்றால் குறையைச் சரிசெய்யச் சொல்லவோ, கட்டணத்தில் நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கவோ அது உரிமை தருகிறது. பொய்யான விளம்பரத்துக்கு 41-ஆம் பிரிவு. வாயால் கேட்டவரை ஒரு ராண்ட் வரவில்லை, பிரிவு எண் போட்ட பிறகு டிராக்கர் வாடகையும் கட்டணத்தில் பாதியும் வந்தது. மீதிக்கு வங்கியில் கார்டு புகார் போட்டிருக்கிறேன்.

இப்போது சுற்றும் விளம்பரத்திலும் அதே காற்றாலைதான் இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை, 'விரைவில்' என்று இருக்கிறது. ஏற்கனவே அட்வான்ஸ் கட்டியவர்கள் தேதியையும் தங்கும் விடுதியின் பெயரையும் இன்றைக்கே எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். தர மறுத்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் அனுப்பிய புகார்க் கடிதத்தின் நகலைத் தருகிறேன்.