ஒரே ஆண்டில் இரண்டு கேம் கபுகிகள்: எது யாரை அழ வைத்தது?

2023-இல் டோக்கியோவில் நாலு மாத இடைவெளியில் இரண்டு வீடியோ கேம்கள், ஆண்களே பெண்வேடமும் கட்டும் ஜப்பானின் பழைய நாடகக் கலையான கபுகியின் மேடை ஏறின. மார்ச்சில் தொயோசு பகுதியில் 'ஃபைனல் ஃபேன்டசி 10', ஜூலையில் ஷிம்பாஷி என்புஜோ அரங்கில் 'தோகென் ரன்பு'. இரண்டிலும் நடிகர் ஓனோயே மாட்சுயா உண்டு. முதலில் வில்லன் சீமோர், அடுத்ததில் நாயகன் மிகாசுகி, கூடவே இயக்கத்திலும் பங்கு. அப்புறம் ஒப்பிடாமல் எப்படி இருப்பது?

ஃபைனல் ஃபேன்டசியை முன்னின்று நடத்தி, கதாநாயகன் தீடாவாகவும் நடித்தவர் அப்போது ஓனோயே கிகுனொசுகே என்ற பெயரில் இருந்த நடிகர். 2017-இல் மகாபாரதத்தைக் கபுகியாக்கிக் கர்ணன் வேடம் கட்டியவரும் இவர்தான். மதியம் முதல் பாதி, மாலையில் அடுத்த பாதி, இடைவேளைகளோடு சுமார் 9 மணி நேரம். பார்வையாளர் இருக்கைகள் நடுவில் சுழல, சுற்றிலும் மேடையும் திரையும். வந்தவர்களில் பலர் 2001-இல் பிளேஸ்டேஷன் 2-வில் இந்தக் கதையை முடித்தவர்கள். கபுகி வாசலையே மிதிக்காதவர்கள். அதனால் கேமில் வரும் வியாபாரி ஓஆகாவே முதலில் வந்து, நடிகர் உறைந்து நிற்கும் 'மியே' என்றால் என்ன, எப்போது கைதட்டலாம் என்று சொல்லிக் கொடுக்கிறார். புதியவர்களின் கூச்சம் அங்கேயே போய்விடுகிறது.

அறிவிப்பு வந்தபோது கிண்டல் செய்தவர்கள் உண்டு. மஞ்சள் விக்கும் கிமோனோவுமாக ஒரு தீடாவா என்று. அந்தக் கேலியை அடக்கியது பெரும்பாலும் கதாநாயகி யூனாதான். அந்த வேடம் கட்டிய நகமுரா யோனெகிச்சி ஓர் ஆண். தோள்பட்டைகளைப் பின்னால் இழுத்து இறக்கி, முழங்கால்களைச் சேர்த்து, உடம்பையே சின்னதாக்கிக்கொள்ளும் பழைய பெண்வேடக் கலை அவருடையது. இறந்தவர்களின் ஆவியை அவர் ஆடி வழியனுப்பும் காட்சியில், கேம் ரசிகர்கள் "இது யூனாவேதான்" என்று உருகிப்போனார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. செத்தவர்களுக்காக ஆடுவது ஜப்பானிய மேடைக்குப் புதிதா என்ன? அந்தக் காட்சி போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

குறைகளும் சொன்னார்கள். நீளம் பலரைச் சோர வைத்தது. திரையில் ஓடும் கேம் காட்சிகளைப் பார்த்து, இது கபுகிதானா என்று கேட்ட பழைய ரசிகர்களின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

தோகென் ரன்புவில் அந்தக் கேள்வி அவ்வளவாக எழவில்லை. பழம்பெரும் வாள்கள் மனித உருவெடுத்து, வரலாற்றை மாற்ற வருபவர்களைத் தடுக்கும் கேம் அது, வந்தது 2015-இல். மேடைக்கு எடுத்துக்கொண்டது 1565-இல் ஷோகன், அதாவது ராணுவ ஆட்சித் தலைவர், அஷிகாகா யோஷிதெரு கொல்லப்பட்ட கதை. மிகாசுகி அவரிடம் இருந்த வாள் என்று மரபு சொல்கிறது. வரலாறு பிசகாமல் இருக்க, தன் பழைய எஜமானனையே சாக விட வேண்டும். கடமைக்கும் பாசத்துக்கும் நடுவே கிழிபடுவதுதானே கபுகியின் உயிர்! இதன் ரசிகர்கள் பல ஆண்டுகளாக இதே கேமின் நாடகங்களையும் இசை நாடகங்களையும் பார்த்துப் பழகியவர்கள் வேறு. பார்வையாளர் நடுவே நீளும் ஹனாமிச்சி நடைமேடையில் வாள்வீரன் நடந்து வந்தால் அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கபுகி எப்படி இருக்கும் என்று பார்க்க வருபவருக்கு நான் தோகென் ரன்புவைத்தான் சொல்வேன். கட்டுக்கோப்பானது, ஒரே அமர்வில் முடிவது. 2025-இல் இரண்டாவது படைப்பும் வந்துவிட்டது. ஆனால் என் மனசு தொயோசு பக்கம்தான். கேம் பிடித்தவர்களைக் கபுகிக்குள் கூட்டி வர அவ்வளவு பாடுபட்டது அதுதான். சுழலும் அரங்குக்காகவே கட்டிய நாடகத்தை வேறு மேடைக்கு மாற்றுவது லேசில்லை, சரி. நீண்ட நாடகத்தில் ஒரே ஒரு காட்சியை எடுத்து ஆடுவது கபுகியில் வழக்கம்தான். யூனா ஆடும் அந்த வழியனுப்புதலை மட்டுமாவது தனியாக ஒருநாள் ஏற்றட்டும்.