தரையைத் திறக்காமல் போட்ட பில்: ஸ்லாலம் படகை மாற்றியமைக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய டைரக்ட் டிரைவ் படகு (எஞ்சின் நடுவில், அதிலிருந்து ஷாஃப்ட் நேராகப் புரொப்பெல்லருக்குப் போகும் வகை) ஒன்றை வாங்கி, ஸ்லாலம் நீர்ச்சறுக்குக்கு, அதாவது படகு இழுக்க ஆறு மிதவைகளைச் சுற்றி வளைந்து போகும் சறுக்குக்கு, ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். அமெரிக்காவில், ஃப்ளோரிடாவில் உள்ள ஒரு பட்டறை எங்கள் குழுவின் படகில் செய்த வேலை இது. பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறோம். அது முடியும்வரை பெயரைச் சொல்லப் போவதில்லை. என்ன செய்தார்கள், அதில் எது தவறு, அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும் இங்கே.

படகு 1989 மாடல், 19 அடி 6 அங்குலம். ஃபோர்ட் 351 கன அங்குல கார்புரேட்டர் எஞ்சின், 1:1 கியர், 1 அங்குல ஷாஃப்ட். சொன்ன குறைகள் இரண்டு. 55 கி.மீ. வேகத்தில் படகுக்குப் பின்னால் எழும் அலை பெரிதாகவும் கல் மாதிரியும் இருந்தது. சறுக்குபவர் மிதவையைச் சுற்றி இழுக்கும்போதெல்லாம் வேகம் இறங்கி, பிறகு எகிறியது. பில்லில் நான்கு வேலைகள் இருந்தன: புது பைலன் (இழுக்கும் கயிற்றை மாட்டும் கம்பம்), வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, நான்கு இதழ் புரொப்பெல்லர், அலையைக் குறைக்க மூக்கில் எடை. மொத்தம் 7,400 டாலர். நான்கில் ஒன்றுக்குக்கூட அவர்கள் தரையைத் திறந்து பார்க்கவில்லை. எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் வந்தது.

எடையிலிருந்து தொடங்குகிறேன். படகு எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அவ்வளவு அலை. ஸ்லாலத்துக்குப் படகு லேசாக இருக்க வேண்டும், எடை இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். இவர்கள் 180 கிலோ தண்ணீர்ப் பை ஒன்றை மூக்கில் வைத்தார்கள். அந்தப் பை, பலகையில் நின்று அலையிலிருந்து தாவும் வேக்போர்டு ஆட்களுக்கானது. அவர்களுக்குப் பெரிய அலை வேண்டும், அதற்காகவே எடை ஏற்றுகிறார்கள். சில படகுகளில் மூக்கில் 20, 30 கிலோ வைத்தால் அலையின் வடிவம் கொஞ்சம் மாறும் என்பது உண்மை. அதை மணல் மூட்டையை வைத்து ஒரே மாலையில் சோதித்துப் பார்த்துவிடலாம், காசு செலவில்லை. 180 கிலோ வைப்பது வேறு சங்கதி.

அவர்கள் செய்திருக்க வேண்டியது படகை எடை போட்டுப் பார்ப்பது. அமெரிக்காவில் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடைமேடை இருக்கும். டிரெய்லரோடு ஒருமுறை, படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு டிரெய்லரை மட்டும் ஒருமுறை நிறுத்துங்கள். வித்தியாசத்திலிருந்து பெட்ரோலைக் கழியுங்கள். லிட்டருக்கு சுமார் 0.74 கிலோ. பைகளையும் கயிறுகளையும் முன்னாலேயே வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் படகுக்குக் காகிதத்தில் போட்டிருக்கும் எடை 1,090 கிலோ. தண்ணீர்ப் பையை எடுத்த பிறகு மேடை காட்டியது 1,405. கூடுதலாக இருந்த 315 கிலோவும் தரைக்கு அடியில் இருந்த நுரை குடித்த தண்ணீர்.

அந்தக் காலத்துப் படகுகளில் தரைக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே நுரையை ஊற்றி நிரப்பியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் மழையும் கசிவும் உள்ளே போனால் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெயிலில் நிறுத்தினாலும் காயாது. சோதிக்க ஒரு துளை போதும். எஞ்சின் பெட்டிக்குப் பின்னால், தரை மிகவும் தாழ்ந்த இடத்தில் 25 மி.மீ. துளையிட்டு, நுரையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பிழியுங்கள். எங்கள் படகில் விரலிடுக்கில் பழுப்பு நீர் சொட்டியது, கூடவே மட்கிய மர வாடை. நுரை நனைந்திருந்தால் வேறு வழியில்லை: தரையை வெட்டி எடுத்து, நுரையைச் சுரண்டி, காயவைத்து, எளிதில் தண்ணீர் குடிக்காத மூடிய கண் நுரையைப் புதிதாக ஊற்ற வேண்டும். நுரையே வேண்டாம் என்று வெறுமனே மூடிவிடாதீர்கள். படகு தண்ணீர் புகுந்தாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான்.

மர வாடை என்றேன் அல்லவா? அடுத்த ஆபத்து அதில்தான். படகின் முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர் கட்டைகள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் கண்ணாடியிழை போர்த்திய மரம். எஞ்சினும் பைலனும் அவற்றைத்தான் பிடித்து நிற்கின்றன. புது பைலனை அவர்கள் எப்படிப் பொருத்தினார்கள் தெரியுமா? அடித்தட்டை வெறும் தரைப் பலகையில், மரத்தில் முறுக்கும் நான்கு திருகாணிகளால். ஒன்றைக் கையால் திருகியபோதே கழன்று வந்தது, மரைகளில் ஈரமான மரத்தூள் ஒட்டியிருந்தது.

ஸ்லாலத்தில் பைலன் மேல் விழும் இழுப்பு சாதாரணமானதல்ல. மிதவைகள் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கின்றன. கயிற்றை 11.25 மீட்டருக்குச் சுருக்கினால் கயிறே மிதவையை எட்டாது. உடலைச் சாய்த்து நீட்டித்தான் சுற்ற முடியும். ஒவ்வொரு முறையும் சறுக்குபவர் தன் உடல் எடையைவிட அதிகமான விசையோடு படகைப் பக்கவாட்டில் இழுக்கிறார், 259 மீட்டருக்குள் ஆறு முறை. கம்பம் பிடுங்கிக்கொண்டால் அது போகிற வழியில் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவரும் கயிற்றின் முனையில் இருப்பவரும் இருக்கிறார்கள்.

சரியான வேலை இப்படி இருக்கும். கம்பம் தரையைத் துளைத்துக் கீழே போய், ஸ்டிரிங்கர்களை இணைக்கும் குறுக்குத் தாங்கியில் நிற்கும். போல்ட்டுகள் முழுக்கத் துளைத்து மறுபக்கம் வரும். அடியில் உலோகத் தகடு, பெரிய வாஷர், தானாகக் கழலாத லாக் நட்டு, எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. சோதனை: ஒருவர் கம்பத்தின் உச்சியைப் பிடித்து இடமும் வலமும் பலமாக உலுக்கட்டும், இன்னொருவர் டார்ச் வைத்து அடித்தட்டைப் பார்க்கட்டும். விளிம்பில் ஒரு மி.மீ. அசைந்தாலும், சுற்றிலும் முடி போன்ற விரிசல் தெரிந்தாலும் கயிறு மாட்டாதீர்கள். கூடவே உயரமான நீட்டிப்புக் கம்பம் ஒன்றையும் விற்றார்கள். உயரத்திலிருந்து இழுப்பது வேக்போர்டு தாவலுக்கு. ஸ்லாலத்தில் அது படகையே சாய்க்கும்.

வேகக் கட்டுப்பாட்டில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. பில்லில் எழுதியது ஸீரோ ஆஃப் என்ற கருவி. அது எலக்ட்ரானிக் திராட்டில் உள்ள எஞ்சினுக்கானது. கார்புரேட்டரைக் கேபிள் இழுக்கும் எஞ்சினில் அதை மாட்டவே முடியாது. அங்கே பெர்ஃபெக்ட் பாஸ் போல, சர்வோ மோட்டார் கேபிளை இழுக்கும் வகைதான் பொருந்தும். அது நல்ல கருவி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் படகில் இருந்தது பயன்படுத்திய பழைய சர்வோ, பில்லில் இருந்தது புதிய ஸீரோ ஆஃபின் விலை. மாட்டிய விதமோ அதைவிட மோசம். சர்வோவின் கேபிளைத் தாங்கி இல்லாமல் பிளாஸ்டிக் டையால் எஞ்சினோடு கட்டியிருந்தார்கள். சூட்டில் டை இளகியதும் கேபிள் சரிந்து, திராட்டில் பாதியிலேயே நின்றுவிட்டது. படகுத்துறையை நெருங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

எஞ்சினை அணைத்துவிட்டு, லீவரை முழுக்க முன்னே தள்ளிப் பின்னே இழுங்கள். கார்புரேட்டரின் நிறுத்துத் திருகில் லிங்கேஜ் (கேபிள் இழுக்கும் இணைப்புக் கை) ஒவ்வொரு முறையும் டக்கென்று வந்து உட்கார வேண்டும். சர்வோவைக் கையால் நகர்த்தி விட்டாலும் ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்க வேண்டும். பிறகு ஸ்டாப்வாட்ச். 55 கி.மீ. வேகத்தில் மிதவைப் பாதையின் நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை 16.95 விநாடி, 58 கி.மீ. என்றால் 16.08. ஆள் இல்லாமல் ஒருமுறை, கனமான ஆளைக் கட்டிக்கொண்டு ஒருமுறை ஓட்டுங்கள். எங்களுக்கு ஆளோடு 17.4 வந்தது, அதாவது 53.6 கி.மீ. திரை மட்டும் 55 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

புரொப்பெல்லர் விஷயம் சுருக்கம். நான்கு இதழ் தேர்வு தவறில்லை, வேகத்தைப் பிடித்து வைக்க அது உதவும். பொருத்தியதுதான் தவறு. ஷாஃப்டின் கூம்பில் சரியாக உட்காராமல், புரொப்பெல்லர் ஷாஃப்டில் சுழன்று நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டையின் மேல் ஏறி நின்றது. சாவி இல்லாமல் புரொப்பெல்லரைக் கூம்பில் தள்ளி, அது நின்ற இடத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். சாவியோடு மறுபடி தள்ளும்போது அதே கோட்டைத் தொட வேண்டும். எங்களுடையது 4 மி.மீ. முன்னாலேயே நின்றது. ஷாஃப்டும் கியரும் சேரும் கப்ளிங் முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துச் சுற்றிலும் அளந்தால் வித்தியாசம் 0.003 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 0.011 இருந்தது. இந்த அளவைப் படகு ஒரு நாள் தண்ணீரில் கிடந்த பிறகுதான் எடுக்க வேண்டும், டிரெய்லரில் எடுத்தால் உடல் வளைந்து பொய்க் கணக்குக் காட்டும்.

வேகக் கருவிக்கு இழுத்த மின்கம்பியில் ஃப்யூஸ் இல்லை. ரிலே கார் கடையில் வாங்கியது, பெட்ரோல் ஆவி தேங்கும் எஞ்சின் அறைக்குள் வைத்திருந்தார்கள். அங்கே தீப்பொறி வெளியே வராதபடி மூடிய, படகுக்கென்று சான்று பெற்ற பொருள்தான் இருக்க வேண்டும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து 18 செ.மீ.க்குள்.

கடந்த சீசனில் வெளியாள் ஒருவரிடம் பைலன் மாற்றியவர்கள், அடுத்த முறை கயிறு மாட்டுவதற்கு முன் தரை மூடியைத் தூக்கி, நட்டுகள் மறுபக்கம் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அந்தப் படகு கரையிலேயே நிற்கட்டும்.