டிசம்பர் கொடைக்கானலில் ஒரு வாளி வெந்நீர்

டிசம்பரில் அப்பா அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போகிற எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள். இ-பாஸ் ஒரு பிரச்சினையே இல்லை. கோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு அது கட்டாயம், வெளிநாட்டு போன் நம்பர் வைத்திருப்பவர்கள் இமெயில் கொடுத்தே எடுத்துவிடலாம். கார், சாப்பாடு எல்லாம் நன்றாகவே போனது. நான் சொல்ல வந்தது வெந்நீரைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. எங்களுக்குக் கொடைக்கானல் டூர் போகிற இடமே கிடையாது, "மேலே போறோம்" என்றால் அதுதான். பஸ் டம்டம் பாறையைத் தாண்டும்போது எலுமிச்சம்பழம் சீட்டுக்குச் சீட்டு கைமாறும். வழியில் ஊத்து என்கிற ஊரில் டீ. பெருமாள்மலை வந்தால் பைக்கு அடியிலிருந்து சுவெட்டர் வெளியே வரும். இறங்கும்போது மடி நிறையப் பேரிக்காயும் பிளம்ஸும். அம்மாவுக்கு மேலே ஏறினால் குறிஞ்சி ஆண்டவர் கோயில் முருகனைக் கும்பிடாமல் கீழே இறங்கக் கூடாது. அதுவும் தலைக்குக் குளித்துவிட்டு, வெறும் வயிற்றோடு. இந்த வயதிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

லாட்ஜ் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டோம், ஆனாலும் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சாரலும் பனிமூட்டமும். காலை ஐந்தரை மணிக்கு அம்மா எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள். ஐஸ் தண்ணீர். பத்து நிமிஷம் ஓடவிட்டோம், அப்படியேதான் வந்தது. கை வைத்தால் விரல் கணுவெல்லாம் கடுத்தது. குழாய்க்கு நேர் மேலே கீசர் இருந்தது, ஸ்விட்ச் போட்டால் அதில் விளக்கு எரியவில்லை. கதவுக்குப் பின்னால் லேமினேட் செய்த அட்டையில் "24 மணி நேரமும் வெந்நீர்" என்று அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

ரிசப்ஷனில் போர்வைக்குள் சுருண்டிருந்த பையனை எழுப்பினேன்.

"சோலார் சார். ரெண்டு நாளா வெயிலே இல்லல்ல. மத்தியானம் மூணு மணிக்கு மேல பாருங்க, கொஞ்சம் சூடு வந்துரும்."

"பாத்ரூம்ல கீசர் இருக்கே தம்பி?"

"அது சீசனுக்கு சார். மெயின்ல ஆஃப் பண்ணி வச்சிருக்கோம். ஓனர் சொன்னாத்தான் போடுவோம்."

"ஓனருக்குப் போன் போடுங்க."

"மதுரைல இருக்காரு சார். எட்டு மணிக்கு மேலதான் எடுப்பாரு."

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கே ஒரு கம்பளி கூடுதலாக வேண்டும் போலிருந்தது. கீசருக்குக் கரண்ட் பில் எகிறும் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. வெந்நீருக்கு நூறு ரூபாய் தனியாகக் கேட்டிருந்தால் வாய் பேசாமல் கொடுத்திருப்பேன். குளிரே இல்லாத மே மாதத்தில் கீசரை ஓடவிட்டு, பல் கிட்டிக்கிற டிசம்பரில் மெயினை அணைத்து வைப்பது என்ன கணக்கு? குளிரிலும் வருகிறவனுக்குத்தானே வெந்நீர் வேண்டும்!

சுவிட்சர்லாந்தில் பல வருஷமாக இருக்கிறேன், டாவோஸ் பக்கம் அடிக்கடி போவோம். டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,560 மீட்டர். நம் கொடைக்கானல் 2,100 மீட்டர் வாக்கில், அதைவிட உயரம். அங்கேயும் ஆளில்லாத மாதங்கள் உண்டு. மே மாதமும் நவம்பரும் பல ஹோட்டல்களை மூடிவிடுவார்கள், ரோப் காரையும் பராமரிப்புக்கு நிறுத்திவிடுவார்கள். ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை மூடல் என்று முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். திறந்திருந்தால் எல்லாம் இருக்கும். தங்குகிற ஒவ்வொரு ராத்திரிக்கும் நம்மிடம் ஊர் வரி வாங்குகிறார்கள், அதற்கு ஒரு கார்டு தருகிறார்கள், அதைக் காட்டினால் உள்ளூர் பஸ் இலவசம். இங்கே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி போட்டது நல்ல காரியம், மலை உருப்படும். வாங்கிய காசுக்கு என்ன தருகிறோம் என்பதையும் லாட்ஜ்காரர்கள் இதே மாதிரி யோசிக்க வேண்டாமா?

எதிரில் ஒரு டீக்கடை. தகரக் கூரை, பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. விறகடுப்பில் பெரிய அலுமினிய அண்டாவை ஏற்றிவிட்டு ஒரு அக்கா ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அம்மா குளிக்கணும், லாட்ஜ்ல வெந்நீர் வரல..."

நான் முடிக்கவே இல்லை. "வாளியக் கொண்டாங்க தம்பி."

கொதிக்கிற தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, கூரையில் செருகியிருந்த தைலமரக் கொப்பிலிருந்து ஒரு கை இலையை உருவி, கசக்கி வாளிக்குள் போட்டார். "அம்மாவுக்குச் சளி பிடிக்காது." ரூம் வரைக்கும் அந்த வாசம் வந்தது. சின்ன வயதில் மேலே வந்தாலே மூக்கில் ஏறுகிற அதே வாசம். இன்னொரு வாளியும் தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "வெந்நிக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா?"

குளித்து முடித்து அம்மா குறிஞ்சி ஆண்டவரைக் கும்பிட்டாள். 1936-இல் லேடி ராமநாதன் கட்டிய கோயில் அது. வெளிநாட்டில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனை மணந்த அம்மையார். மேகம் விலகினால் அங்கிருந்தே பழனி மலை தெரியும், அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு அதில் குறையில்லை. திரும்பி வந்து நேரே அந்த அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள், பதினோரு மணி வரை எழுந்திருக்கவே இல்லை.

அக்காவுக்குப் பூம்பாறையில் பிறந்த வீடு, பூண்டு போடுகிற குடும்பம். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர் பரவியிருக்கிறது, ஆனால் விலை நிலையாக இல்லை என்றார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வருஷம் முழுக்கக் கண்ணில் ஓடியது. மே மாதம் பிரையன்ட் பூங்கா மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா, எல்லாச் சாதி சனமும் மலையேறி வரும். டிசம்பரில் வீட்டுக்கு வீடு குடில், நட்சத்திர விளக்கு, ராத்திரியில் கேரல் பாடிக்கொண்டு வருகிற பிள்ளைகள். தை, மாசி வாக்கில் பூம்பாறை குழந்தை வேலப்பருக்குத் தேர். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சந்தை, கேரட், பீன்ஸ், உருளையோடு மேல்மலைக் கிராமத்து ஜனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வரும். "சீசன் இல்லன்னு நாங்க எங்கம்மா போறது? ஊரு பன்னெண்டு மாசமும் இங்கதான இருக்கு" என்றார்.

இதைத்தான் அந்த ஓனரிடம் சொல்ல நினைத்தேன். எட்டரைக்குப் போனை எடுத்தவர், "சீசன்ல வாங்க சார், ஃபுல் சர்வீஸ் இருக்கும்" என்றார். முழு வாடகை வாங்கியிருக்கிறீர்களே என்றதற்குப் பதிலில்லை. மெயினை மட்டும் போடச் சொன்னார். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் கீசர் விளக்கு எரிந்தது.

ரூம் போடுகிறவர்கள் மறக்காமல் கேளுங்கள்: சோலாரா, கீசரா? கீசர் என்றால் இப்போது மெயின் ஆனில் இருக்கிறதா? காலை ஐந்து மணிக்கு வெந்நீர் வருமா? பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மா ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழாவுக்குப் போகவேண்டும் என்கிறாள். அக்கா வீட்டிலேயே தங்கச் சொல்லியிருக்கிறாராம். லீவு இப்போதே கேட்டுவிட்டேன்.