மழைநீர் உறைகிணறு போடுகிறீர்களா? ஜல்லி கொட்டும் முன் ஆழத்தை அளந்துவிடுங்கள்

மழைக்காலம் நெருங்கினால் கடலூரில் ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. "மொட்டைமாடித் தண்ணியை மண்ணுக்குள்ள எறக்கித் தர்றோம், கவர்மெண்ட் அளவுப்படி" என்று தெருத் தெருவாகக் கேட்டு வருகிறார்கள். அதில் நல்ல வேலைக்காரர்களும் உண்டு. மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்தவர் அந்த ரகம் இல்லை. 32,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, தண்ணீர் இறங்கவே முடியாத ஒரு குழியைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பேரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன். இதே வேலையை அடுத்த தெருவிலும் இதே மாதிரிதான் செய்வார்கள்.

2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டிலும் ஒரு குழி போட்டார்கள். சின்னக் குழி, உள்ளே ஜல்லி, மேலே மணல். வண்டல் அடைத்து அது எப்போதோ செத்துப்போனது. அதனால்தான் இந்த முறை உறைகிணறாகவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பேசிய வேலை இது: மூன்றடி அகலம், ஓர் அடி உயரத்தில் பதினோரு சிமெண்ட் உறை. மாடியின் இரண்டு மழைக்குழாய்களையும் ஒன்றாக்கி, நடுவில் ஒரு வண்டல் தொட்டி, அதிலிருந்து கிணறு. பதினோரு அடி கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த மனையில் மேலே ஆறேழு அடிக்குக் களிமண். அதற்குக் கீழேதான் மணல். பக்கத்து வீட்டுக் கிணற்றைத் தூர் வாரியபோது தெருவே பார்த்தது. களி தண்ணீரைக் குடிக்காது, தேக்கித்தான் வைக்கும். உறை மணலைத் தொட்டால்தான் போட்ட காசுக்குப் பலன். இதை மேஸ்திரியிடம் தெளிவாகச் சொன்னேன். "எனக்குத் தெரியாத மண்ணா மேடம்?" என்றார். "உறை 11" என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார்.

நான் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறவள். பகலில் வீட்டில் அம்மா மட்டும்தான். கலவை போடுவதைப் பார்த்து அம்மா கேட்டிருக்கிறார்: "ஏம்பா, தண்ணி எறங்குற குழிக்கு அடியில எதுக்கு சிமெண்டு?" "உறை அமுங்கிடக் கூடாதுல்லம்மா" என்று பதில். நான் வீடு திரும்பியபோது குழியின் வாய் வரை ஒன்றரை அங்குல ஜல்லி, மேலே வலை, மூடி. பார்க்க அவ்வளவு அழகு.

அக்டோபரில் ஒரு நல்ல மழை வந்தது. அரை மணி நேரத்தில் குழி பொங்கி, தண்ணீர் போர்டிகோவுக்கு வந்துவிட்டது. ஓவர்ஃப்ளோ பைப் வைக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. போன் செய்தால், "பூமி நெறஞ்சிடுச்சு மேடம். மழைக்காலத்துல குடிக்காது" என்கிறார்.

இந்தப் பொய்யைக் கவனியுங்கள், ஏனென்றால் இதில் பாதி உண்மை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீரே தரை வரை ஏறி நிற்கும். எந்த உறைகிணறும் குடிக்காது. மேஸ்திரி சொல்வது உண்மையா என்று பார்க்க ஒரு வழிதான். பக்கத்தில் இருக்கிற திறந்த கிணற்றை எட்டிப் பாருங்கள். நான் பார்த்தபோது தண்ணீர் பதினான்கு அடி கீழே கிடந்தது. பூமி நிறையவில்லை, எங்கள் குழிதான் நிறைந்திருந்தது.

கிணறு தோண்டுகிற ஒரு பெரியவரை அழைத்துவந்து ஜல்லியை அள்ளச் சொன்னேன். ஓரடி, ஒன்றரை அடி வரைதான் ஜல்லி. அதற்குக் கீழே ரப்பீஷ்: இடித்த சுவரின் பூச்சுக் கட்டி, உடைந்த டைல்ஸ், இரண்டு சிமெண்ட் சாக்கு. எண்ணிப் பார்த்தால் ஆறே உறை. உறைகளில் ஒரு துளைகூட இல்லை, செப்டிக் டேங்குக்குப் போடுகிற உறை. இணைப்புகளை வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாதபடி சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். அடியில் நாலு அங்குலக் காங்கிரீட். அதற்கும் கீழே களி. பெரியவர் மேலே பார்த்து, "இது தண்ணி பிடிச்சு வெக்கிற தொட்டிம்மா. உள்ள பூசி விட்டா துணி தொவைக்கலாம்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். தளம் நனைந்தது, சிந்தியது போக 750 லிட்டராவது குழாயில் வரும். மூன்றடி அகலம், ஆறடி ஆழக் குழியின் கொள்ளளவு சுமார் 1,200 லிட்டர். அதை ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் தண்ணீருக்கு மிஞ்சுவது 500 லிட்டர்கூட இல்லை. கீழே இறங்க வழியில்லாவிட்டால் ஒரு செ.மீ. மழையைக்கூடத் தாங்காது.

மேஸ்திரியை மறுபடி பிடித்தபோது அவர் சொன்ன பரிகாரம்தான் மோசடியைவிட மோசம். "இன்னொரு ஆறாயிரம் குடுங்க மேடம், பைப்பை நேரா போர்ல விட்டுடறேன், எவ்வளவு வந்தாலும் உள்ள போயிடும்." போகத்தான் போகும். மாடியில் இருக்கிற புறா எச்சம், காய்ந்த இலை, தூசி எல்லாம் சேர்ந்து போகும். போரின் சல்லடைக் கண்கள் வண்டலில் அடையும், குடிக்கிற தண்ணீரில் கிருமி ஏறும். நம் போர் மட்டும் கெடுவதில்லை, அதே ஊற்றில் எடுக்கிற அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்துத்தான். வடிகட்டாத மாடித் தண்ணீரை போருக்குள் விடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கடலோர ஊரில் இந்த வேலைக்கு இருக்கிற மதிப்பே வேறு என்பதால்தான் எனக்கு இவ்வளவு கோபம். இங்கே பூமிக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்புத் தண்ணீரை அது தள்ளி வைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடிக்கு உப்பு ஏறும். கடலை ஒட்டிய தெருக்களில் போர்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்த வீடுகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

பெரியவர் அடிக் காங்கிரீட்டை உளி வைத்து உடைத்தெடுத்து, துளையுள்ள உறைகளாக மாற்றி, மணல் தட்டும் வரை இறக்கிக் கொடுத்தார். அடி திறந்தே இருக்கிறது. கீழே ஓரடி உயரத்துக்கு மட்டும் ஜல்லி, மீதி காலி. சிறு குழியை ஜல்லியால் நிரப்புவது முறைதான், ஆனால் உறைகிணறு காலியாக இருந்தால்தான் பின்னால் இறங்கித் தூர் வார முடியும். குழந்தைகள் வரும் வீடு என்பதால் மேலே கனமான காங்கிரீட் மூடி. தெருவுக்கு ஒரு ஓவர்ஃப்ளோ. ஜல்லி போடும் முன் அவரே கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழத்தைக் காட்டினார். பிறகு 200 லிட்டர் டிரம்மைக் கவிழ்த்தோம். டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீரைக் காணோம். உங்கள் வீட்டில் வேலை நடந்தால் இந்த இரண்டையும் கேளுங்கள், கயிறும் டிரம்மும். இது முடியும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். செப்டிக் டேங்குக்கு அருகில் இடம் காட்டினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: இதுவும் சேவைக் குறைபாடுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்து வழி கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எங்களிடம் பில் இல்லை. அந்த "உறை 11" சீட்டு, ஜிபேயில் பணம் போன விவரம், தோண்டும்போது டேப் வைத்து எடுத்த படங்கள், இவ்வளவுதான் கொடுத்திருக்கிறோம்.

நோட்டீஸ் கைக்குப் போனதும் மேஸ்திரி அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். விட்டுப்போன ஐந்து உறையையும் கொண்டுவந்து இறக்கித் தருகிறாராம், புகாரை வாபஸ் வாங்க வேண்டுமாம். "ஏற்கெனவே பதினொண்ணு போட்டாச்சுன்னியேப்பா, இது எந்த அஞ்சு?" என்று அம்மா கேட்க, லைனை வைத்துவிட்டார்.