ஆவணம் எழுதுவதா, ஓடுகிற முன்மாதிரியைக் காட்டுவதா?

ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும், அது எதையும் உடைத்துவிடவில்லையா என்று தானாகச் சரிபார்க்கும் டெஸ்டுகள் எல்லாம் எங்களிடம் முதலிலிருந்து ஓடும். மாற்றம் தொட்ட பகுதிக்கான டெஸ்டுகளை உடனே ஓட்டிவிட்டு மீதியை இரவுக்குத் தள்ளலாம் என்பது என் யோசனை. இதை நிறுவனத்தை ஏற்க வைக்க இரண்டு வழியிலும் போயிருக்கிறேன். முதலில் ஆவணம் எழுதினேன், அப்புறம் முன்மாதிரி கட்டினேன். இப்போது யாராவது கேட்டால் முன்மாதிரியைத்தான் சொல்வேன். ஆனால் ‘கண்ணால் பார்த்தால் நம்புவார்கள்’ என்ற வழக்கமான காரணத்துக்காக இல்லை.

ஆவணத்தின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே: செலவு குறைவு, ஒரு வாரத்தில் முடியும், யோசனையின் ஓட்டைகள் எழுதும்போதே தெரிந்துவிடும். படிக்கிற பழக்கம் உள்ள நிறுவனத்தில் இதன் பலம் இன்னும் கூடும். அமேசானில் 2004இல் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு, எழுதிய குறிப்பை எல்லோரும் அமைதியாகப் படித்த பிறகே பேச ஆரம்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

யார் எழுதுகிறார் என்பதுதான் சிக்கல். மைக்ரோசாஃப்டில் இணையத்தின் முக்கியத்துவத்தைப் பற்றி ஜே. அல்லார்ட் என்ற இளம் ஊழியர் 1994 ஜனவரியிலேயே குறிப்பு எழுதினார். பில் கேட்ஸின் புகழ்பெற்ற இணைய அலைக் குறிப்பு வந்தது 1995 மே 26 அன்று. நிறுவனம் முழுவதும் திசை திரும்பியது இரண்டாவதுக்குப் பிறகுதான். கீழிருந்து எழுதுகிறவருக்குப் பொறுமை நிறைய வேண்டும். என் ஒன்பது பக்க ஆவணத்தை மூன்று கூட்டங்களில் பேசினார்கள். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. “நல்லா இருக்கு, அடுத்த காலாண்டில் பார்க்கலாம்” என்றார்கள். இரண்டு காலாண்டுகள் அப்படியே போயின.

முன்மாதிரி வழிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஐபிஎம். 1994 குளிர்கால ஒலிம்பிக்கின்போது அதன் முடிவுகளைக் கணினியில் தொகுத்தது ஐபிஎம். ஆனால் அந்த முடிவுகளை வேறொரு நிறுவனம் தன் பெயரில் இணையத்தில் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கவனித்த டேவிட் கிராஸ்மன் என்ற பொறியாளர் ஒரு கணினியைக் காரில் ஏற்றிக்கொண்டு தலைமையகத்துக்கே போய், இணையம் எப்படி இருக்கிறது என்று அதிகாரிகளுக்கு நேரில் காட்டினார். ஜான் பேட்ரிக் போன்ற மேலாளர்கள் அவரோடு சேர்ந்தது அதன் பிறகுதான். அமேசானில் இன்னொன்று: வாங்குவதற்காகத் தளத்தின் கூடையில் போட்ட பொருளுக்கு ஏற்ப வேறு பொருட்களைப் பரிந்துரைக்கும் அம்சத்தை கிரெக் லிண்டன் என்ற பொறியாளர் செய்து காட்டியபோது, மூத்த துணைத் தலைவர் ஒருவர் வேண்டாம் என்று தடுத்தார். இருந்தும் சோதனைக்கு விட்டார்கள். விற்பனை ஏறியது, அம்சம் நிலைத்தது.

சரி, முன்மாதிரி இருந்தால் போதுமா? போதாது. கோடாக்கில் ஸ்டீவ் சாஸன் என்ற பொறியாளர் 1975இல் டிஜிட்டல் கேமராவையே செய்து காட்டினார். 100க்கு 100 புள்ளிகள் கொண்ட படம், கேசட்டில் பதிவாக 23 விநாடி. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஃபிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனம் அதைத் தன் தொழிலாக ஆக்கிக்கொள்ளத் தயங்கியது.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்தது ஒரே கேள்வி: இதை யார் பார்த்துக்கொள்வது? பெரிய நிறுவனம் ஒரு புது விஷயத்துக்குச் சம்மதிக்கும்போது கட்டும் செலவுக்கு மட்டும் சம்மதிப்பதில்லை. கட்டியவர் வேறு குழுவுக்குப் போன பிறகும் நடு இரவில் அது உடைந்தால் எழுந்திருக்கப்போகிறவர் யார் என்பதற்கும் சேர்த்துத்தான் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்திருந்தது இதைத்தான் என்று பின்னால்தான் புரிந்தது. என் ஒன்பது பக்கத்தில் பராமரிப்புக்கு ஒரு பத்தி இருந்தது. அதிலிருந்த எண்கள் எல்லாம் ஊகம்.

முன்மாதிரியை எங்கள் குழுவிலேயே மூன்று மாதம் ஓட்டினேன். அதைச் சரிசெய்யச் செலவான நேரத்தை ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தேன். முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முழு நாள் போனது. மூன்றாவது மாதம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஓட வேண்டிய டெஸ்ட் விடுபட்டுப் பிழை தப்பியது நான்கு முறை. நான்கையும் இரவு ஓட்டம் பிடித்தது. ஒரே வரியில் பழைய முறைக்குத் திரும்பும் வசதியும் வைத்திருந்தேன், அதை இரண்டு தடவை பயன்படுத்தவும் செய்தேன். கூட்டத்தில் வேகம் எவ்வளவு கூடியது என்ற படத்தை அரை நிமிடம் பார்த்தார்கள். இந்தக் குறிப்பேட்டைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் பேசினார்கள். டெஸ்ட் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் மேனேஜர், “இரண்டு மணி நேரம் என்றால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்றார். ஆவணத்தை மட்டும் கையில் வைத்திருந்தால் இந்தப் பதில் கிடைத்திருக்காது.

மூன்றாவது வழி, வெளியே யாரும் எடுத்து மாற்றக்கூடிய திறந்த மூல நிரலாகவோ தரநிலையாகவோ வளர்த்து நிறுவனத்தை ஏற்க வைப்பது. இதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, வெளியிலிருந்து பார்த்ததுதான். ஜேபெக் எக்ஸ்எல் படவடிவத்தை 2022 அக்டோபரில் கூகுளின் குரோம் உலாவியிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தபோது, போதிய ஆர்வம் இல்லை என்பதோடு பராமரிப்புச் சுமை குறையும் என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். 2025 இறுதியில் அந்த வடிவத்துக்கு மறுபடி வாசலைத் திறந்தபோதும், நீண்டகாலம் பராமரிக்க ஒருவர் உறுதி தர வேண்டும் என்று கேட்டார்கள். இங்கேயும் அதே கேள்விதான்.

முன்மாதிரி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் தரவைத் தொடும் யோசனை என்றால் அனுமதி இல்லாமல் ஒரு வரிகூடக் கட்டக் கூடாது, அங்கே ஆவணம்தான் முதல். சிப், கருவி போன்ற வன்பொருள் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே முன்மாதிரிக்கே பெரிய பணம் வேண்டும் என்பதால் என் கணக்கு மாறலாம். மென்பொருளில், சொந்தக் குழுவுக்குள் ஓட்டிப் பார்க்க முடிகிற எதற்கும் முதலில் கட்டுவேன். கட்டிய நாளிலிருந்தே பராமரிப்புக் குறிப்பேட்டைத் தொடங்கிவிடுவேன். அப்புறம்தான் ஆவணம், அதுவும் இரண்டே பக்கம். முதல் பக்கத்தின் முதல் வரியில், இதை எடுத்துக்கொள்ளப்போகும் குழுவின் பெயர் இருக்கும்.