வாடகை ஒப்பந்தப் பதிவு: அட்வான்ஸைத் திரும்ப வாங்க உதவுமா?

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், வண்ணார்பேட்டை என எங்கே வீடு பிடித்தாலும் கையில் கிடைப்பது டைப் அடித்த 11 மாத ஒப்பந்தம்தான். காலி செய்தபின் அட்வான்ஸ் கேட்கும்போது அந்தத் தாள் பெரும்பாலும் கைகொடுக்காது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் சாட்சியமாகச் செல்லாது.

பதிவுக்கு அரசின் இணையதளம் இருக்கிறது. ஒப்பந்த நகல், இரு தரப்பு ஆதார், பான் விவரங்களைக் கொடுத்தால் பதிவு எண் வரும். குடிவரும்போதே இதை முடித்தவருக்கு இந்தச் சேவை 5-க்கு 4 மதிப்பெண் பெறும். பூட்டிச் சாவியைக் கொடுத்தபின் தேடி வருபவருக்கு 1 தேறினாலே அதிகம். பான் எண் என்றதும் வருமான வரிக்குப் பயந்து நழுவும் வீட்டுக்காரர்கள்தான் பெரிய முட்டுக்கட்டை. அதனால் அட்வான்ஸ் கைமாறும் முன்பே இதைப் பேசிவிட வேண்டும்.

வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம். 8,000 ரூபாய் வீட்டுக்கு 24,000. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி வந்தாக வேண்டும். "அடுத்த ஆள் வரட்டும், தாரேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

சண்டை வருவது பிடித்தத்தில்தான். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இதைத் தெளிவாகப் பிரித்திருக்கிறது. வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயிண்ட், பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் செலவு. குழாய், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் டைப் அடித்த ஒப்பந்தங்களில் "காலி செய்யும்போது பெயிண்ட் அடித்துத் தர வேண்டும்" என்று ஒரு வரி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாத வாடகை அதிலேயே போகும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் பாத்ரூம் டைல்ஸில் உப்புக்கறை படிவது வழக்கமான தேய்மானம். ஒழுகும் குழாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. வாஷரை நீங்களே மாற்றிவிட்டால், பிளம்பர் கூலி என்று பெரிய கணக்கு வராது.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் ரீடிங்கைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டும். இலவச யூனிட்டுகளை யார் கணக்கில் கழிப்பது என்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள்.

உரிமையாளர் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, உள்ளூரில் சித்தப்பா, மச்சான் யாராவது வீட்டைப் பார்த்துக்கொள்வது இங்கே சகஜம். அட்வான்ஸ் மட்டும் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பதானால் வாட்ஸ்அப்பிலாவது அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அது பாக்கியாகிவிடும்.

ஒரு மாதம் கடந்தால், பெற்றதற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பிறகு பதிவு எண், பணம் கட்டிய ஆதாரம், ரீடிங் படத்தோடு மனு. இது நகர்ப்பகுதிக்கான சட்டம் என்பதால், ஊரை ஒட்டிய கிராம ஊராட்சி எல்லையில் வீடு பார்ப்பவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம். ஒத்திக்கு (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகப் பணம் கொடுத்து) போகிறவர்கள் தனியாக வக்கீலைப் பார்ப்பது நல்லது. அங்கே புரள்வது லட்சங்கள்.