காலிமுகத்திடலில் வார இறுதி: கோல்பேஸ் ஹோட்டலா, ஷங்ரிலாவா?

இரண்டும் கொழும்பில், கடலோரக் காலிமுகத்திடலை ஒட்டிய ஹோட்டல்கள்தான். ஆனால் 1864இல் தொடங்கிய கோல்பேஸ் ஹோட்டலில் கடல் காலடிக்கே வந்துவிடுகிறது. பின்னேரம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முற்றத்தில் ஒரு பிளேன்டீயோடு உட்காருங்கள். சூரியன் இறங்கும் நேரம் பேக்பைப் இசையோடு கொடியை இறக்குவார்கள். பக்கத்து மேசைப் பேச்சுகூட நின்றுவிடும். எனக்கு அந்த அரைமணி நேரத்துக்காகவே அங்கே தங்கலாம். பதிவு செய்யும்போது கடல் பக்க அறையா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2017இல் திறந்த ஷங்ரிலா உயரத்துக்குப் பேர்போனது. மேல்மாடி அறையிலிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பேரை வாவி. கீழேயே வன் கோல்பேஸ் மோல் இருப்பதால் பிள்ளைகளோடு போனால் மழை நாளிலும் பொழுது போய்விடும். குடும்பத்துக்கு இதுதான் சரி.

இறால் வடைக்கு இரண்டு ஹோட்டலிலிருந்தும் திடலுக்கு நடந்தே போகலாம்.

அப்புறம், விலைக்குப் பின்னால் இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 வீத சேவைக் கட்டணமும் வரிகளும் தனியாக ஏறும். உள்நாட்டவர் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.